மாமாவின் குரலும் ஒரு ரேம் ஸ்டிக்கும்!

திருச்சியில் இருக்கும் அந்த வீட்டின் ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. மானிட்டர் கிடையாது. கீபோர்டு கிடையாது. 24 மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் எல்லோரும் அதை 'பெட்டி' என்பார்கள்.

ஒரு தனியார் நிறுவனத்தின் ஐடி பிரிவில் வேலை பார்க்கும் குடும்பத் தலைவர்தான் அதன் சொந்தக்காரர். ஆபீஸில் கழித்துக்கட்டிய டெஸ்க்டாப்பைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டு சர்வராக மாற்றினார். ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட வைக்கும் மென்பொருளை அதில் போட்டார். இதற்கு விர்ச்சுவலைசேஷன் என்று பெயர்.

பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து மூன்று போர்ஷனாக வாடகைக்கு விடுகிறோம் இல்லையா? அதேதான். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனிப் பூட்டு. ஒரு போர்ஷனில் சண்டை நடந்தால் அடுத்த போர்ஷனுக்குக் கேட்காது. ஆனால், தண்ணீர்த் தொட்டியும் அஸ்திவாரமும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

பெட்டியிலும் மூன்று போர்ஷன்கள். முதலாவதில் குடும்பப் போட்டோக்களும் ஆடியோக்களும். இரண்டாவது, வீட்டு வைஃபையில் விளம்பரங்களைத் தடுப்பது. எந்த வெப்சைட் எந்த முகவரியில் இருக்கிறது என்று வீட்டு போன்களுக்குச் சொல்வதும் இதன் வேலைதான். மூன்றாவது, வாசல் சிசிடிவி கேமராவின் பதிவு.

இவற்றில் விலைமதிப்பில்லாதது ஒன்றுதான்... மாமனாரின் குரல்.

அவர் 1980-களில் சவுதியில் வேலை பார்த்தவர். எழுதுவதைவிடப் பேசுவதில் கெட்டிக்காரர். கடிதத்துக்குப் பதிலாக டேப் ரெக்கார்டரில் பேசி, லீவில் ஊருக்கு வருபவர்களிடம் கேசட்டைக் கொடுத்து அனுப்புவார். அப்படி வந்தவை 19 கேசட்டுகள். அவர் காலமான பிறகு, பூசணம் பிடித்துக் கிடந்த அவற்றை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றினார்கள். இரண்டு பக்கங்களுக்கும் சேர்த்து 38 ஃபைல்கள். அந்த வேலையோடு பாதி கேசட்டுகளின் ஆயுள் முடிந்துவிட்டது. இனி எந்த டேப் ரெக்கார்டரிலும் அவை ஓடாது.

மாமியார் தினமும் மத்தியானம் போனில் அதைக் கேட்பார். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அவ்வளவுதான்.

சொல்லாமல் கொள்ளாமல் செத்தது!

பங்குனி மாதம் தொடங்கியது பிரச்னை. முதலில் கத்தியது பெரியவள். "அப்பா, நெட் இல்லை!" ரூட்டரில் விளக்கு எரிகிறது. ஆனால், எந்தப் பக்கமும் திறக்கவில்லை. முகவரி சொல்லும் போர்ஷன் செத்துவிட்டதால், இருந்த இன்டர்நெட்டும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தார். சரியாகிவிட்டது.

மூன்று நாள் கழித்து மறுபடியும். அப்புறம் ஒரே நாளில் இரண்டு தடவை. அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. 'சரியாப்போச்சு' என்று நினைத்த ராத்திரியே மறுபடி.

கம்ப்யூட்டரில் நடப்பதையெல்லாம் எழுதிவைக்கும் டைரி போல 'லாக்' என்று ஒன்று உண்டு. அவர் அதைத் திறந்து பார்த்தார். அதிகாலை 2.14-க்கு வழக்கமான ஒரு வரி. அடுத்த வரி, காலையில் அவர் மறுபடி ஆன் செய்த நேரம். நடுவில் எதுவுமே இல்லை. ஒழுங்காக ஷட்டவுன் ஆகியிருந்தால், ஒவ்வொரு புரோகிராமும் முடிந்ததற்கான வரிகள் இருக்கும். எழுதிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியதுபோல் டைரி பாதியில் நின்றால், மிஷின் திடீரென்று உறைந்திருக்க வேண்டும். அல்லது கரன்ட் போயிருக்க வேண்டும்.

ஆக, முதல் சந்தேகம் கரன்ட் மேல்தான்.

பழி சுமந்த மூன்று பேர்!

யுபிஎஸ் பேட்டரிக்கு வயது மூன்றாண்டு. அதை மாற்றினார். எஸ்.எம்.பி.எஸ்-ஸையும் ஒரு நண்பரிடம் கடன் வாங்கி மாற்றிப் பார்த்தார். கரன்ட் கட்டே ஆகாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் பெட்டி நின்றது. கரன்ட் நிரபராதி.

இரண்டாவது சந்தேகம் சூடு. திருச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தால் ஃபேன் முழுக்கத் தூசி. சுத்தம் செய்து, ப்ராசஸர் மேல் தடவும் பேஸ்ட்டையும் புதிதாகப் போட்டார். 80 டிகிரியைத் தாண்டிக்கொண்டிருந்த ப்ராசஸர் சூடு 60-க்கு இறங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால், நான்காம் நாள் பெட்டி மறுபடி நின்றது.

மூன்றாவது சந்தேகம் மென்பொருள். சிசிடிவி போர்ஷனைப் போட்டது மாசிக் கடைசியில். தொல்லை ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். எனவே, அதை நிறுத்தி வைத்தார். பத்து நாள் ஒரு பிரச்னையும் இல்லை. 'திருடன் அகப்பட்டான்' என்று நிம்மதியானார். பதினொன்றாம் நாள், சிசிடிவி இல்லாமலே பெட்டி விழுந்தது.

இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். எப்போதாவது வரும் கோளாறில், நாம் எதைச் செய்தாலும் அடுத்த சில நாள்களுக்கு அது பலித்ததுபோல்தான் தெரியும். வழக்கமாக மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் பிரச்னை ஐந்து நாள் வரவில்லை என்பது எதற்கும் சாட்சியில்லை.

வீட்டில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. "என்னங்க, பேசாம எல்லாத்தையும் கூகுள்ல ஏத்திட்டு இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றார் மனைவி. மாமியார் கேட்டது வேறு. "மாப்பிள்ளை, உங்க மாமா குரல் அதுக்குள்ள பத்திரமா இருக்குல்ல?"

"இருக்கு அத்தை. தினமும் ராத்திரி பேக்கப் எடுக்குது" என்றார். அப்போது அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

கடைசி வார்த்தையைக் கேட்பது எப்படி?

சாகும்போது டைரி எழுத முடியாத பெட்டி, வாயால் எதையாவது சொல்லிவிட்டுச் சாகுமா? அதற்கும் வழி இருக்கிறது. லினக்ஸில் 'நெட்கன்சோல்' என்று ஒரு வசதி. கணினியின் மையப்பகுதி கடைசி நேரத்தில் புலம்புவதை, டிஸ்க்கில் எழுதக் காத்திருக்காமல், நெட்வொர்க் கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். ஒரு பழைய லேப்டாப்பை அதைக் கேட்பதற்கென்றே பக்கத்தில் வைத்தார்.

அடுத்தடுத்து மூன்று மரணங்கள், மூன்று வாக்குமூலங்கள். முதலாவது, மெமரி கணக்கில் குழப்பம் என்றது. இரண்டாவது, ஃபைல்களைக் கவனிக்கும் பகுதியில் தடுக்கி விழுந்தது. மூன்றாவது, நெட்வொர்க் பகுதியில். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

சம்பந்தமில்லை என்பதுதான் துப்பு. புரோகிராமில் தப்பு இருந்தால், பெரும்பாலும் அதே இடத்தில்தான் திரும்பத் திரும்ப இடறும். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், நடப்பவனை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்க வேண்டும். மூன்று போர்ஷனுக்கும் பொதுவான அஸ்திவாரம் எது? ரேம்.

அப்போதுதான் அவருக்குப் பொங்கல் நேரத்தில் செய்த ஒரு காரியம் ஞாபகம் வந்தது. ஏற்கெனவே இருந்த இரண்டு 8 ஜிபி ரேம் ஸ்டிக்குகளோடு, செகண்ட் ஹேண்டில் இன்னும் இரண்டு வாங்கிப் போட்டிருந்தார். மாசி வரை மெமரி அவ்வளவாக நிரம்பாததால் எதுவும் தெரியவில்லை. சிசிடிவி வந்து இடத்தை நிரப்பிய பிறகுதான், கெட்டுப்போன மூலைக்கும் ஆள் குடிபோகத் தொடங்கியது. சிசிடிவியை நிறுத்தியதும் நிம்மதி கிடைத்ததற்கும் இதுதான் காரணம்.

ரேமுக்குள் என்னதான் நடக்கிறது? ஒவ்வொரு 0-வும் 1-ம், கண்ணுக்கே தெரியாத ஒரு கெபாசிட்டரில் தேக்கிவைத்த துளி மின்சாரம். எல்லாமே கசியும் குடங்கள். வடிந்து போவதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும். சாதாரணமாக 64 மில்லிசெகண்டுக்குள், அதாவது செகண்டுக்கு 15 தடவைக்கு மேல், ஒவ்வொரு குடமும் நிரப்பப்படுகிறது. 8 ஜிபி ஸ்டிக்கில் இப்படி 6,800 கோடிக்கும் மேற்பட்ட குடங்கள். அதில் ஒன்று கொஞ்சம் வேகமாகக் கசிந்தால் போதும்... 1 என்று எழுதியது 0 ஆகிவிடும்.

ரேமைச் சோதிக்க 'மெம்டெஸ்ட்' என்ற இலவச புரோகிராம் உண்டு. பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடும். ராத்திரி ஓடவிட்டார். காலையில் ஒரு சுற்று முடிந்திருந்தது. தப்பு ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளுக்கு நெட் வேண்டும் என்பதால் நிறுத்திவிட்டார். தூக்கமில்லாத கண்களோடு "ரேமும் நல்லாத்தான் இருக்கு" என்று சோர்ந்து உட்கார்ந்தவரிடம், காபியை நீட்டியபடி மாமியார் சொன்னார்.

"ராத்திரி கொதிக்கிற காய்ச்சல், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா இறங்கித்தான் இருக்கும் மாப்பிள்ளை. அதுக்காக காய்ச்சலே இல்லைன்னு ஆயிடுமா?"

அந்த வாரம் சனிக்கிழமை இரவு தொடங்கி, திங்கட்கிழமை காலை வரை நிறுத்தக் கூடாது என்று முடிவெடுத்தார். வீட்டில் ஒரு நாள் முழுக்க நெட் இல்லை. ஞாயிறு மத்தியானம், மூன்றாவது சுற்றில், திரையில் சிவப்பு வரிகள் விழுந்தன. எழுதியது ஒன்று, படித்தது வேறு. வித்தியாசம் ஒரே ஒரு பிட்.

அதற்குப் பிறகு நடந்தது பொறுமையான வேலை. நான்கு ஸ்டிக்குகளையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தார். பழைய இரண்டும் பாஸ். புதிதாக வாங்கியதில் ஒன்று பாஸ். நான்காவது, 40 நிமிடத்தில் சிவப்பு. கோளாறு மதர்போர்டில் இருக்கக் கூடாதல்லவா? அதே ஸ்டிக்கை வேறு ஸ்லாட்டில் போட்டார். அங்கேயும் சிவப்பு. திருடன் அகப்பட்டான். இந்த முறை நிஜமாகவே.

விழாத நாள்களில் என்ன நடந்தது?

பெட்டி சரியானதில் எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கு மட்டும் தூக்கம் போனது.

கெட்ட பிட், கணினியின் மையப்பகுதி உட்கார்ந்திருக்கும் இடத்தில் விழுந்தால் பெட்டி நிற்கும். அது நமக்குத் தெரியும். ஆனால், ஒரு போட்டோவோ ஆடியோவோ அந்த இடத்தைக் கடந்து போகும்போது விழுந்தால்? பெட்டி நிற்காது. ஃபைலில் ஒரு பிட் மட்டும் மாறி, அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும். யாருக்கும் தெரியாது. அன்றைய ராத்திரி பேக்கப், அந்தத் தப்பையும் விசுவாசமாக நகல் எடுத்து வைக்கும்.

தை மாதத்தில் எல்லா ஃபைல்களையும் புதிய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியிருந்தார். அதாவது, மாமாவின் 38 ஃபைல்களும் அந்த ரேம் வழியாகத்தான் போயிருக்கின்றன. பழைய டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்குக் கொடுத்தாகிவிட்டது.

'பத்திரமா இருக்கு அத்தை' என்று சொன்ன வார்த்தை தொண்டையில் நின்றது.

ஸ்டுடியோவில் கொடுத்த பென் டிரைவ் சென்னையில் கொழுந்தியாள் வீட்டில் இருந்தது. கூரியரில் வரவழைத்தார். ஒவ்வொரு ஃபைலுக்கும் 'செக்சம்' என்று ஒரு கைரேகை எடுக்கலாம். ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினாலும் ரேகை அடையாளமே தெரியாமல் மாறிவிடும். நோயாளியே தனக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளக் கூடாது என்பதால், பெட்டியை விட்டுவிட்டு வேறொரு லேப்டாப்பில் ஒப்பிட்டார்.

37 ரேகைகள் பொருந்தின. ஒன்று பொருந்தவில்லை. ஏழாவது கேசட், பி சைடு.

இரண்டு நகல்களில் எது சரி, எது தப்பு? பைட் பைட்டாக ஒப்பிட்டதில், வித்தியாசம் ஒரே ஓர் இடத்தில். சிடி தரத்தில் பதிவு செய்த ஆடியோவில் ஒரு செகண்டுக்கு 44,100 அளவீடுகள் இருக்கும். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, பென் டிரைவ் நகலில் அலை வழவழப்பாக ஏறி இறங்கியது. பெட்டியின் நகலில், ஒரே ஓர் அளவீடு மட்டும் ஆணி அடித்ததுபோல் மேலே நின்றது.

அந்த இடத்தில் மாமா, ஊருக்குக் கொடுத்தனுப்பிய சாமான்களின் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். டார்ச் லைட்டுக்கும் தைலத்துக்கும் நடுவே ஒரு 'டிக்'. மாமியாரிடம் கேட்டார். "ஆமா, கொஞ்ச நாளா அங்க ஒரு சத்தம் வருது. பழைய கேசட்டுதானேன்னு விட்டுட்டேன்" என்றார். மிஷின்கள் எதுவும் கண்டுபிடிக்காததை, அந்தக் காது எப்போதோ கண்டுபிடித்திருந்தது.

பென் டிரைவ் நகலால் அந்த ஆடியோ பிழைத்தது. போட்டோக்கள் எல்லாம் பிழைக்கவில்லை. நான்கு படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகிக் கிடந்தன. மூன்றுக்கு மூலம் போனில் இருந்தது. சின்னவளின் ஆண்டு விழாப் படம் ஒன்றுக்கு இல்லை. போனது போனதுதான்.

பெரிய இடங்களிலும் நடப்பதுதான்!

இது ஏதோ ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த துரதிர்ஷ்டம் என்று நினைக்க வேண்டாம். பெல்ஜியம் நாட்டின் ஸ்கார்பேக்கில் 2003 தேர்தலின்போது, ஒரு வேட்பாளருக்குக் கணினியில் 4,096 ஓட்டுகள் கூடுதலாக விழுந்தன. கிடைக்கவே முடியாத அளவுக்கு ஓட்டு வந்ததால்தான் சந்தேகம் வந்தது. 4,096 என்பது, சரியாக ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1 ஆனால் கூடும் எண். விண்வெளியிலிருந்து வரும் கதிர் பட்டு மாறியிருக்கலாம் என்று பேசப்பட்டது.

கூகுளும் டொரன்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்த ஆய்வாளர்கள், கூகுளின் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். ஓராண்டில் 8 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டது. ஆனால், அந்த சர்வர்களின் ரேமில் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வசதி இருந்தது.

அந்த வசதிக்கு விதை போட்டவர் ரிச்சர்ட் ஹேமிங். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். வார இறுதியில் கணக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். மிஷின் நடுவில் ஒரு பிழையைக் கண்டால், அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஏமாற்றம். 'பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மிஷினுக்கு, எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்தத் தெரியாதா?' என்ற எரிச்சலில் பிறந்த வழியை 1950-ல் வெளியிட்டார். அந்த வழியில் வந்ததுதான், 64 பிட்டுக்கு 8 பிட் காவல் வைக்கும் இன்றைய 'ஈசிசி' ரேம். பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் அது கிடையாது.

உங்கள் வீட்டிலும்...

சர்வர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழைய போட்டோக்கள் இல்லாத வீடு இல்லை. அந்த வீடு இப்போது கடைப்பிடிப்பவை இவை:

* முக்கியமானவற்றுக்கு மூன்று நகல்கள். இரண்டு வேறு வேறு வகைச் சாதனங்களில். ஒன்று வேறு வீட்டில். சென்னை பென் டிரைவ்தான் இதற்குச் சாட்சி.

* பேக்கப் எடுத்தால் போதாது. அவ்வப்போது திறந்து பார்க்க வேண்டும். செக்சம் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

* ரேமைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்கிப் போட்டால், ஃபைலைத் தொடும் முன் ஒரு ராத்திரியாவது மெம்டெஸ்ட் ஓட்டுவது. ஒரு சுற்று போதாது.

* காரணமே தெரியாமல் கம்ப்யூட்டர் நின்றால், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியோடு நோட்டில் எழுதி வைப்பது. ஒரே நாளில் நான்கை மாற்றினால், எது சரி செய்தது என்று கடைசி வரை தெரியாது.

கெட்ட ஸ்டிக்கின் விலை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். கடைக்காரர் நல்ல மாதிரி. "பரவாயில்லை சார், கொண்டாங்க, வேற மாத்தித் தர்றேன்" என்றார். மாற்றித் தந்த பிறகு அந்தப் பழைய ஸ்டிக்கை என்ன செய்வார் என்று இவர் யோசித்தார். சிஸ்டத்தில் போட்டால் ஆன் ஆகும். ஒரு சுற்று டெஸ்ட்டிலும் பாஸ் ஆகும். மறுபடி கண்ணாடி அலமாரிக்குப் போகும். அங்கிருந்து, கல்லூரிப் பிள்ளையின் கம்ப்யூட்டருக்கோ, இன்னொரு வீட்டின் போட்டோ பெட்டிக்கோ போகும்.

கடைக்கு அவர் போகவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து, ஸ்டிக்கை இரண்டாக உடைத்து, இ-வேஸ்ட் பையில் போட்டார்.